ஈஎஸ்பி32ல ஒரு குட்டி வெப் சேர்வர், அதால மோட்டர் ஓட்டுறது: திருகோணமலை ஆக்கள் அடிக்கடி கேக்கிற கேள்விகள்

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் வச்சிருக்கிறவங்க, கிண்ணியாவில தோட்டம் செய்யிறவங்க, கொட்பே பக்கம் மீன் ஃப்ரீசர் வச்சிருக்கிறவங்க எண்டு பல பேர் கேக்கிறது கிட்டத்தட்ட ஒரே விசயம்தான். போன்ல ஒரு பேஜைத் திறந்து கிணத்து மோட்டரைப் போட, நிப்பாட்ட ஏலுமா, டாங்கில தண்ணி எவ்வளவு கிடக்கு, ஃப்ரீசர் எத்தின டிகிரி எண்டு பாக்க ஏலுமா? ஏலும். ஆனா கேள்விகள் திருப்பித் திருப்பி வாறதால எல்லாத்தையும் இங்க ஒரு இடத்தில எழுதி வைக்கிறன். 230 வோல்ட் வேலை தெரியாதவங்க அந்தப் பக்கத்தை ஒரு எலக்ட்ரீசியனிட்டக் குடுங்க, மிச்சத்தை நீங்களே செய்யலாம்.

முதல்ல, எம்பெடட் வெப் சேர்வர் எண்டா என்ன? இதுக்கு இன்டர்நெட் வேணுமா?

வேணாம். ஈஎஸ்பி32 எண்டது ரெண்டு விரல் அகலத்தில ஒரு போர்டு, உள்ளுக்கு 240 மெகாஹேர்ட்ஸ்ல ஓடுற ரெண்டு கோர், 520 கிலோபைட் ரேம், சாதாரணமா 4 எம்பி ஃப்ளாஷ், வைஃபை எல்லாம் சேந்தே வரும். நீங்க போன்ல அதுட ஐபி அட்ரஸை அடிச்சா அந்தப் போர்டே பேஜை அனுப்பும், பட்டனை அமத்தினா அதே போர்டே பின்னை (ரிலே, சென்சர் எல்லாம் பூட்டுற கால்) மேல கீழ ஆக்கும், அதாவது வோல்ட்டேஜைக் குடுக்கும் (ஹை), எடுக்கும் (லோ). வீட்டு ரவுட்டர் ஓடினாப் போதும், ரவுட்டரும் இல்லாட்டி போர்டே ஒரு ஹொட்ஸ்பொட் போடும்.

ஒரு விசயத்தை முதலே சொல்லிடுறன், கீழ வாற முக்கால்வாசிப் பதிலும் இதில இருந்துதான் வருது. பேஜ் எண்டது பாக்கிறதுக்கும் சொல்லுறதுக்கும் மட்டும்தான். எப்ப நிக்கணும், எப்ப ஓடக்கூடாது எண்டு முடிவெடுக்கிறது பெட்டிக்குள்ள இருக்கிற புரோகிராமும் வயரிங்கும். போன் சார்ஜ் இல்லாமச் செத்தாலும், வைஃபை விழுந்தாலும் மோட்டர் ஒழுங்கா நிக்கணும். இது சரி வராட்டி பேஜ் எவ்வளவு வடிவா இருந்தும் பிரயோசனம் இல்ல.

ராஸ்பெரி பை, ஈஎஸ்பி8266, ஆர்டுயினோ ஊனோ, எதை வாங்க?

சாதா ஊனோவில வைஃபை இல்ல, விடுங்க. 8266 மலிவு, ஒரு ரிலேக்கு (சின்னக் கரண்டால பெரிய கரண்டைப் போடுற சுவிட்ச்) போதும், ஆனா ரேம் சரியான குறைவு. ராஸ்பெரி பை முழு லினக்ஸ், கமரா எல்லாம் போடணும் எண்டா அதுதான், ஆனா எங்கட ஊரில கரண்ட் திடீரெண்டு போறதுக்கு அதுட எஸ்டி கார்ட் தாக்குப் பிடிக்கிறது கஸ்டம். எழுதிக்கொண்டு இருக்கேக்க கரண்ட் போனா ஃபைல் சிஸ்டம் பழுதாகும். ஈஎஸ்பி32க்கு ஷட்டவுன் எண்டு ஒண்டே இல்ல, வயரைப் பிடுங்கலாம், திருப்பிக் குத்தலாம்.

வாங்கேக்க யூஎஸ்பி வயரையும் பாருங்க. சார்ஜ் மட்டும் ஏத்துற வயரைக் குத்திட்டு "கம்ப்யூட்டர் போர்டைக் காட்டுதில்ல" எண்டு சொல்லுறவங்கதான் அதிகம்.

தம்பி, கடையில விக்கிற நீல நிற ரிலே போர்டில "10 ஆம்பியர் 250 வோல்ட்" எண்டு போட்டிருக்கு. 1 எச்பி மோட்டர் அதில நேரா குடுக்கலாம்தானே?

குடுக்காதீங்க ஐயா. 1 எச்பி எண்டா 746 வொட், ஓடேக்க 5, 6 ஆம்பியர்தான் இழுக்கும், கணக்குப் பாத்தா 10க்குள்ள நிக்குது போலதான் தெரியும். ஆனா அந்த 10 ஆம்பியர் ஹீட்டர், பல்ப் மாதிரி லோடுக்கு. மோட்டர் தொடங்கிற அந்த நேரத்தில ஓடுற கரண்டைப் போல அஞ்சு ஆறு மடங்கு இழுக்கும், நிப்பாட்டேக்க கொன்டாக்ட்டுக்குள்ள நெருப்புப் பறக்கும், கொஞ்ச நாளில கொன்டாக்ட் வெல்ட் ஆகி ஒட்டிப்போகும். ஒட்டினா என்ன நடக்கும் எண்டா, பேஜ்ல "ஓஃப்" எண்டு காட்டும், மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

சரியான முறை, சின்ன ரிலே ஒரு கொன்டாக்டர்ட (மோட்டர் மாதிரி லோடுக்கெண்டே செய்த பெரிய ரிலே) கொயிலை மட்டும் போடணும், கொன்டாக்டர்தான் மோட்டரைப் போடணும், அதுக்குக் கீழ மோட்டர்ட ஆம்பியருக்கு செட் பண்ணின ஓவர்லோட் (அளவுக்கு மேல இழுத்தா வெட்டுற சாமான்). கொயிலுக்குக் குறுக்க ஒரு ஆர்சி ஸ்னப்பர் (ரெசிஸ்டரும் கப்பாசிட்டரும் சேந்தது) போடுங்க, இல்லாட்டி கொன்டாக்டர் விழுற ஒவ்வொரு தரமும் வாற ஸ்பைக்ல ஈஎஸ்பி ரீசெட் ஆகும், நீங்க கோட்ல பிழை தேடிக்கொண்டு இருப்பீங்க.

இன்னொண்டு, பெட்டியில கை, ஓஃப், ஓட்டோ எண்டு மூண்டு நிலை சுவிட்ச் ஒண்டு கட்டாயம். போர்டு செத்த அண்டைக்கு வீட்டில இருக்கிற அம்மா சுவிட்சைக் கைப்பக்கம் திருப்பித் தண்ணி அடிக்க ஏலணும். இதை விட்டுட்டுச் செய்யிற ஆக்களோட எனக்குச் சரிவராது.

மோட்டர் உண்மையா ஓடுதா எண்டு தெரிய வேணும் எண்டா, கொன்டாக்டர்ல இருக்கிற ஒக்ஸிலரி கொன்டாக்ட்டை (கொன்டாக்டரோட சேந்து மாறுற சின்னக் கொன்டாக்ட்) ஒரு இன்புட் பின்னுக்குக் கொண்டாந்து அதைப் பேஜ்ல காட்டுங்க. "நான் போடச் சொன்னன்" எண்டதும் "அது போட்டிருக்கு" எண்டதும் ரெண்டு வேற தகவல்.

கரண்ட் போய்த் திருப்பி வந்தா மோட்டர் தானா ஓடுமா?

நீங்க யோசிக்காம விட்டா ஓடலாம், அதுதான் பிரச்சினை. 2022 மார்ச் கடைசியில நாடு முழுக்க 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின காலம் ஞாபகம் இருக்கும், அப்பிடி இல்லாட்டியும் மழை காலத்தில ஒரு பின்னேரத்துக்குள்ளயே ரெண்டு மூண்டு தரம் போய் வரும்.

ரெண்டு இடத்தைப் பாக்கணும். முதலாவது பின். ஈஎஸ்பி32 பூட் ஆகேக்க எல்லாப் பின்னும் அமைதியா இருக்காது. 0, 2, 5, 12, 15 எல்லாம் பூட் நேரத்தில போர்டே வாசிச்சுப் பாக்கிற பின்கள், அதில 12ஐ யாராவது மேல இழுத்து வச்சிருந்தா ஃப்ளாஷுக்கு 1.8 வோல்ட் எண்டு நினைச்சுப் போர்டு பூட்டே ஆகாது. 6ல இருந்து 11 வரைக்கும் ஃப்ளாஷ் பாவிக்குது, தொடவே வேணாம். 34ல இருந்து 39 இன்புட் மட்டும்தான், உள்ளுக்குப் புல்அப்பும் (பின்னை ஹையில பிடிச்சு வைக்கிற ரெசிஸ்டர்) இல்ல. ரிலேக்கு 25, 26, 27, 32, 33 மாதிரி அமைதியான பின்னை எடுங்க.

அந்த நீல ரிலே போர்டு அனேகமா லோ குடுத்தா ஓன் ஆகிறது, 5 வோல்ட்டில ஓடுறது. ஈஎஸ்பி32 குடுக்கிற ஹை 3.3 வோல்ட்தான். அப்ப ஒப்டோகப்ளர் (ரெண்டு பக்கத்தையும் பிரிச்சு வச்சு வெளிச்சத்தால சிக்னல் கடத்திற சிப்) பக்கம் இன்னும் 1.7 வோல்ட் மிஞ்சிக் கிடக்கும், சில போர்டில அது எல்இடியை மங்கலா எரிய வைக்கும், சிலதில ரிலே விழவே விழாது. ஜம்பரைக் கழட்டி ஒப்டோ பக்கத்துக்கு 3.3, கொயில் பக்கத்துக்கு 5 எண்டு பிரிச்சுக் குடுத்தா சரி. நானெண்டா ஹை குடுத்தா ஓன் ஆகிற போர்டை எடுத்து பின்ல இருந்து கிரவுண்டுக்கு ஒரு 10கே ரெசிஸ்டர் போடுவன், பூட் ஆகிற வரைக்கும் ரிலே கட்டாயம் ஓஃப்ல நிக்கும்.

ரெண்டாவது புரோகிராம். கரண்ட் வந்த உடன முதல் வேலை எல்லா அவுட்புட்டையும் ஓஃப் ஆக்கிறது, வைஃபை கனெக்ட் பண்றது பிறகு. பழைய நிலையை ஃப்ளாஷ்ல எழுதி வச்சுத் திருப்பிப் போடச் சொல்லி நிறையப் பேர் கேக்கிறாங்க, கிணத்து மோட்டருக்கு அது வேணாம், ஓஃப்ல இருந்து தொடங்கட்டும். ஃப்ரீசருக்கு மட்டும் திருப்பிப் போடத்தான் வேணும், ஆனா ஒரு 3ல இருந்து 5 நிமிசம் விட்டுப் போடுங்க. கம்பிரசர்ல பிரஷர் இறங்கிறதுக்கு முதல் போட்டா அது திணறி சூடாகும்.

வைஃபை போட்ட உடன என்ட சென்சர் வாசிக்குதில்ல, ஏன்?

வோல்ட்டேஜை நம்பரா வாசிக்கிற பகுதி (ஏடிசி) போர்டில ரெண்டு இருக்கு, நீங்க ஏடிசி2 பின்ல குத்தியிருப்பீங்க. வைஃபை ஓடேக்க அது வேலை செய்யாது. 32ல இருந்து 39க்குள்ள ஏடிசி1 இருக்கு, அங்க மாத்துங்க.

டாங்கில தண்ணி மட்டம் பாக்க எது நல்லம்?

ஓவர்ஃப்ளோ நிப்பாட்ட எண்டா ஃப்ளோட் சுவிட்ச், வேற யோசனையே வேணாம். எத்தின வீதம் எண்டு காட்ட அல்ட்ராசொனிக் போடலாம், வோட்டர்ப்ரூஃப் ஆனது எடுங்க, அதுக்கு முன்னால ஒரு 20, 25 சென்டிமீட்டர் குருட்டு இடம் இருக்கு, அதுக்குள்ள தண்ணி ஏறினா கண்டபடி நம்பர் வரும், அதால டாங்கிட வாய்க்கு மேல கொஞ்சம் உயத்திப் பூட்டுங்க. 5 வோல்ட் சென்சர் எண்டா எக்கோ வயரை (சென்சர் பதில் அனுப்புற வயர்) நேரா குத்தாதீங்க, ரெண்டு ரெசிஸ்டர் போட்டு 3.3க்கு இறக்கிக் குடுங்க. ஃப்ரீசருக்கு டிஎஸ்18பி20 டெம்பரேச்சர் சென்சர், 4.7கே புல்அப், முடிஞ்சுது.

ஆனா ஃப்ளோட்டை ஈஎஸ்பிக்கு மட்டும் குடுத்திட்டு நிம்மதியா இருக்காதீங்க. கொன்டாக்டர் கொயிலோட தொடர்ல இன்னொரு ஃப்ளோட்டைப் போட்டா, போர்டு தொங்கிப்போய் நிண்டாலும் டாங்கி நிறைஞ்ச உடன கொயிலுக்குப் போற கரண்ட் அறுந்திடும். கூடவே புரோகிராம்ல ஒரு உச்ச நேரம், உதாரணமா 40 நிமிசத்துக்கு மேல ஓடினா நிப்பாட்டிட்டுப் பேஜ்ல சிவப்பில காட்டு எண்டு. கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல கிணத்துத் தண்ணி கீழ போயிடும், தண்ணி இல்லாம ஓடின மோட்டர்ட சீல் எரியிறது அந்தக் காலத்திலதான்.

பேஜ்ல "ஓன்", "ஓஃப்" எண்டு ரெண்டு லிங்க் வச்சிட்டன், நல்லா வேலை செய்யுது, இரவில மோட்டர் தானா ஓடுது. பேயா?

பேய் இல்ல, பிரௌசர். உப்புவெளியில ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல இதே கதைதான், விடிய நாலு மணிக்கு மோட்டர் ஓடுது எண்டு வயரிங்கை எல்லாம் கழட்டிப் பாத்தாங்க. ஓன் லிங்கை ஆராவது ஒருக்கா அமத்தினா அந்த அட்ரஸ் பிரௌசர்ல கிடக்கும். பிறகு அவர் விடியக் கண்முழிச்சு போன்ல பிரௌசரைத் திறக்கிறார், கடைசியாத் திறந்த டாப் திருப்பி லோட் ஆகுது, அட்ரஸ் அதே ஓன் அட்ரஸ், போர்டுக்கு அது ஒரு புதுக் கட்டளை. அட்ரஸ் பார்ல முதல் எழுத்தை அடிக்கேக்கயே குரோம் முன்கூட்டியே பேஜை எடுத்து வைக்கிறதும் உண்டு.

பிரௌசர் போர்டுக்கு அனுப்புற கேள்வியில கெட், போஸ்ட் எண்டு ரெண்டு வகை இருக்கு, லிங்கை அமத்தினாப் போறது கெட். கெட் எண்டது வாசிக்க மட்டும், மாத்திற எதுவும் போஸ்ட்ல வரணும். இது எழுதப்பட்ட விதி, ஆனா யூடியூப்ல இருக்கிற முக்கால்வாசி ஈஎஸ்பி பாடத்தில கெட்லதான் பல்பைப் போடுவாங்க, பல்புக்குப் பரவாயில்ல, மோட்டருக்குச் சரிவராது. பட்டனை ஒரு ஃபோர்முக்குள்ள வச்சு போஸ்ட் அனுப்புங்க, வேலை முடிஞ்ச உடன 303 (வேற அட்ரஸுக்குப் போ எண்ட பதில்) குடுத்து முகப்புப் பேஜுக்குத் திருப்பி அனுப்புங்க, அப்ப ரீஃப்ரெஷ் அமத்தினாலும் திருப்பிப் போகாது. "மாத்து" எண்டு ஒரே பட்டன் வைக்கிறதும் வேணாம், ரெண்டு பேர் ஒரே நேரத்தில அமத்தினா என்ன நிலையில நிக்கும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. "போடு", "நிப்பாட்டு" எண்டு ரெண்டு தனிப் பட்டன்.

பெரிய சேர்வர் மெஷின்ல மேனேஜ்மென்ட் போர்ட் எண்டு ஒண்டு வருதே, அதும் இதும் ஒண்டா?

ஐடியா ஒண்டுதான். அந்த மெஷின்ல மதர்போர்டில பிஎம்சி எண்டு தனியா ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கும், ஏஸ்பீட் 2500, 2600 மாதிரி ஏஆர்எம் சிப். மெயின் மெஷின் ஓஃப்ல கிடந்தாலும் ஸ்டான்ட்பை கரண்டில அது ஓடும், ஃபேன் ஸ்பீட், டெம்பரேச்சர், பவர் ஓன் ஓஃப் எல்லாம் அதுட கையில. முந்தி அதோட கதைக்கிறது ஐபிஎம்ஐ எண்ட முறையில, 1998ல இன்டெல், டெல், எச்பி, என்ஈசி சேந்து கொண்டாந்தது. 2015ல டிஎம்டிஎஃப் எண்ட தர நிர்ணய அமைப்பு ரெட்ஃபிஷ் எண்டு புது முறை ஒண்டை வெளியிட்டாங்க, அது எச்டிடிபிஎஸ்ஸும் (பூட்டி அனுப்புற வெப் முறை) ஜேசனும் (தகவலை எழுத்தா ஒழுங்குபடுத்தி அனுப்புற வடிவம்). ஓபன்பிஎம்சி எண்ட திறந்த மூலத் திட்டத்தில பிஎம்சிவெப் எண்டு சி பிளஸ் பிளஸ்ல எழுதின வெப் சேர்வர்தான் அந்தப் பக்கத்தைப் பாக்குது.

எங்கட வேலைக்கு அதில இருந்து எடுக்க வேண்டியது அவங்கட ஒழுங்கு. ரெட்ஃபிஷ்ல ஒரு மெஷினைப் பத்தி வாசிக்கிறது கெட், ரீசெட் பண்றது தனியா ஒரு அக்ஷன், போஸ்ட்ல மட்டும் போகும், ஆர் எண்டு லொகின் பண்ணாம ஒண்டும் நடக்காது. நீங்களும் உங்கட ஈஎஸ்பில "நிலை" எண்டு ஒரு அட்ரஸ் ஜேசன் குடுக்கிற மாதிரியும் "செயல்" எண்டு ஒரு அட்ரஸ் போஸ்ட் மட்டும் எடுக்கிற மாதிரியும் பிரிச்சு வச்சா, நாளைக்கு ஒரு மொபைல் அப் எழுதினாலும் போர்டைத் தொட வேண்டி வராது.

வைஃபை செட்டிங்?

ஈஎஸ்பி32க்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும்தான் விளங்கும், ரவுட்டர்ல 5 மட்டும் போட்டிருந்தா காணாது. முதல் தரம் செட் பண்ண போர்டே ஹொட்ஸ்பொட் போட்டு 192.168.4.1ல ஒரு பேஜ் குடுக்கும், அதில வீட்டு வைஃபை பேரையும் பாஸ்வேர்டையும் அடிச்சாச் சரி. அந்த நேரம் போன் "இதில இன்டர்நெட் இல்ல" எண்டு சொல்லி டேட்டாவுக்கு மாறிடும், பேஜ் திறக்காது, டேட்டாவை ஓஃப் பண்ணிட்டுச் செய்யுங்க. ஐபி மாறாம இருக்க ரவுட்டர்ல அந்தப் போர்டுட மாக் அட்ரஸுக்கு (போர்டுக்கெண்டே இருக்கிற நிரந்தர நம்பர்) ஒரு ஐபியை ரிசேர்வ் பண்ணுங்க. ஐபிக்குப் பதிலா டொட் லோக்கல் எண்டு முடியிற பேர் வச்சும் திறக்கலாம், ஆனா பழைய ஆண்ட்ராய்ட் போன்ல அது வேலை செய்யாது, அதால ஐபியை நம்புங்க.

அண்ணா, நான் கொழும்பில, வீடு திருமலையில. அங்க இருந்து போட ஏலுமா? ரவுட்டர்ல போர்ட் திறந்து விட்டாப் போதும்தானே?

ஏலும், ஆனா போர்ட் திறந்து விடாத. அனேகமா சிம் போட்ட 4ஜி ரவுட்டர்ல அது வேலையும் செய்யாது, கம்பனி உள்ளுக்கு ஒரு ஐபியைக் கன பேருக்குப் பகிர்ந்து குடுக்குது, வெளியில இருந்து உங்கட ரவுட்டரைத் தட்ட வழியே இல்ல. வேலை செஞ்சாலும் ஆபத்து. 2016 ஒக்டோபர்ல டின் எண்ட டிஎன்எஸ் (வெப்சைட் பேரை ஐபி ஆக்கிக் குடுக்கிற) கம்பனியை விழுத்தின மிராய் தாக்குதல்ல பாவிச்சது எல்லாம் பாஸ்வேர்ட் மாத்தாத கமராவும் ரவுட்டரும் மாதிரிச் சின்னச் சாமான்கள்தான்.

பேசிக் ஓத் (பேஜ் திறக்கேக்க பேர், பாஸ்வேர்ட் கேக்கிறது) போட்டிருக்கன் எண்டு சொல்லுவீங்க. சாதா எச்டிடிபில அது பேஸ்64, மறைச்சு அனுப்புறது இல்ல, அதே வைஃபையில இருக்கிற ஆரும் வாசிக்கலாம். ஈஎஸ்பி32ல எச்டிடிபிஎஸ் போட ஏலும், ஆனா ஒரு கனெக்ஷனுக்கே 40 கிலோபைட் அளவில ரேம் போகும், ரெண்டு மூண்டு போன் ஒண்டாத் திறந்தா திணறும்.

வழி ரெண்டு இருக்கு. வீட்டில ஒரு ராஸ்பெரி பையில வயர்கார்ட், டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன்னை (வெளியில இருந்து வீட்டு நெட்வேர்க்குக்குப் பூட்டின பாதை) ஓட விட்டு உங்கட போன்ல இருந்து அதுக்குள்ளால வீட்டு நெட்வேர்க்குக்குப் போறது ஒண்டு. சிம் ரவுட்டர் எண்டா டெயில்ஸ்கேல்தான் லேசு, ஏனெண்டா வெறும் வயர்கார்டுக்கு வெளியில ஒரு பொது ஐபி வேணும். மற்றது போர்டே வெளியில ஒரு எம்க்யூடிடி புரோக்கரோட (செய்தியை வாங்கிக் கடத்திற சேர்வர்) டிஎல்எஸ்ல (பூட்டின இணைப்பில) கனெக்ட் பண்ணி நிக்கிறது, ஒண்டையும் உள்ளுக்குத் திறக்கத் தேவையில்ல. கெஸ்ட் ஹவுஸ்காரர் ஒரு விசயம் கவனிங்க, வந்து தங்கிற ஆக்களுக்குக் குடுக்கிற வைஃபையும் மோட்டர் போர்டு நிக்கிற வைஃபையும் ஒண்டா இருக்கக்கூடாது. ரவுட்டர்ல கெஸ்ட் நெட்வேர்க் எண்டு ஒரு டிக் இருக்கு, அவ்வளவுதான்.

பேஜ் தமிழ்ல வேணும், எல்லாம் கோழி கிறுக்கின மாதிரி வருது.

ஃபைலை யூடிஎஃப்8ல சேவ் பண்ணி, அனுப்பேக்க ஹெடர்லயும் சார்செட் யூடிஎஃப்8 எண்டு போடுங்க. எழுத்தை வரையிறது போன்தான், அதால போர்டில ஃபொன்ட் தேவையில்ல. தமிழ் எழுத்து ஒவ்வொண்டும் 3 பைட், புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனியா இன்னும் 3, பேஜ் பெருக்கும், ஜிஸிப் பண்ணி ஃப்ளாஷ்ல வச்சா நல்லாச் சுருங்கும். பெட்டிக்கு மேல ஒட்டுற சின்ன ஓலெட் திரையில தமிழ் காட்ட நினைச்சா அது வேற தலையிடி, நம்பர் மட்டும் காட்டுங்க.

நேரம் அஞ்சரை மணித்தியாலம் பிழையா காட்டுது.

என்டிபி (இன்டர்நெட்டில நேரம் கேக்கிற முறை) குடுக்கிறது கிரீன்விச் நேரம். 19800 செக்கன் கூட்டுங்க. டைம்ஸோன் எழுத்தாக் குடுக்கிற முறையில எங்கட பிளஸ் 5:30க்கு மைனஸ் போடணும், அந்த முறையில குறி தலைகீழ். பதினோரு மணித்தியாலம் பிழைச்சா இதுதான் காரணம். நெட் இல்லாத தோட்டம் எண்டா டிஎஸ்3231 கடிகார மொடியூல், ஆனா மலிவான நீல மொடியூல்ல சார்ஜ் ஏத்துற சேர்க்கிட் ஒண்டு இருக்கு, அதில சார்ஜ் ஏறாத சாதா பட்டன் பட்டரியைப் போட்டா ஊதும். அந்த டயோட்டைக் கழட்டிட்டுப் போடுங்க.

நாலஞ்சு நாள் நல்லா ஓடுது, பிறகு பேஜ் திறக்குதில்ல. ஓஃப் பண்ணிப் போட்டா சரி.

ஊகிக்க வேணாம், போர்டையே சொல்ல வைங்க. நிலைப் பேஜ்ல மூண்டு வரி போடுங்க: எவ்வளவு நேரமா ஓடுது, மிச்ச ரேம் எவ்வளவு, கடைசியா ஏன் ரீசெட் ஆனது. ரேம் நாளுக்கு நாள் குறையுது எண்டா ஸ்ட்ரிங்கைக் கூட்டிக் கூட்டி ஒட்டிப் பேஜ் செய்யிறீங்க, பேஜை ஃபைலா வச்சு நம்பரை மட்டும் ஜேசன்ல அனுப்புங்க. ரீசெட் காரணம் பிரவுன்அவுட் எண்டா சப்ளை காணாது, வைஃபை அனுப்பேக்க ஒரு கணம் நிறையக் கரண்ட் இழுக்கும், நல்ல 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரும் போர்டுக்குக் கிட்ட 470 மைக்ரோஃபரட் கப்பாசிட்டரும் போடுங்க. வொட்ச்டோக் (புரோகிராம் தொங்கினா ரீசெட் பண்ற காவல்) எண்டா கோட்ல எங்கயோ நீளமான டிலே. ரீசெட்டே இல்ல, ஆனா பேஜ் மட்டும் வரல எண்டா வைஃபை விழுந்து திருப்பி ஏறல, அதைப் பாத்துத் திருப்பிக் கனெக்ட் பண்ற வரிகளை எழுதணும்.

ஏறி இறங்காமப் புரோகிராம் மாத்த ஏலுமா?

ஓடிஏ (வைஃபையால புரோகிராம் ஏத்திறது) இருக்கு. ஃப்ளாஷ்ல ரெண்டு இடம் பிரிச்சு, ஓடுறது ஒண்டில, புதுசு மற்றதில ஏறும். அதாலதான் 4 எம்பில உங்களுக்குக் கிடைக்கிறது ஒண்டேகால் எம்பி. பாஸ்வேர்ட் போடுங்க, மோட்டர் ஓடேக்க ஏத்தாதீங்க.

கடல் கிட்ட, உப்புக் காத்து. போர்டு எவ்வளவு காலம் நிக்கும்?

ஐபி65 (தூசு, தண்ணி போகாத) பெட்டி, வயர் போற கிளான்ட் எல்லாம் கீழ்ப்பக்கம், போர்டுக்கு கொன்ஃபோமல் கோட்டிங் (ஈரம் படாமப் பூசுற பூச்சு), வெயில் படாத சுவர். ஓட்டையை அடைக்க ஹார்ட்வெயார் கடையில வாங்கிற வினாகிரி மணக்கிற சிலிகோன் வேணாம், அது காயேக்க வாற அமிலம் செம்பை அரிக்கும், நியூட்ரல் எண்டு கேட்டு வாங்குங்க. பிறகு மின்னல். ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்கள்ல இடி தொடங்கினா டாங்கில இருந்து வீட்டுக்கு வாற நீள ஃப்ளோட் வயர்லதான் சேர்ஜ் (திடீரெண்டு ஏறுற வோல்ட்டேஜ்) வந்து இறங்கும், அந்த இன்புட்டுக்கு ஒப்டோகப்ளர் போடுங்க, மெயின்ல ஒரு சேர்ஜ் புரொடெக்டரும், ஒழுங்கான எர்த்தும். எர்த் இல்லாம புரொடெக்டர் போட்டு ஒரு பலனும் இல்ல.

வேலை முடிஞ்சு நான் வெளிநாடு போயிட்டா ஆர் பாக்கிறது?

பெட்டி மூடிக்கு உள்பக்கம் ஒரு தாளை லாமினேட் பண்ணி ஒட்டுங்க. ஐபி, மாக் அட்ரஸ், எந்தப் பின் எந்த வயருக்கு, எந்த பிரேக்கரை இறக்கினா இது சாகும், சுவிட்சைக் கைப்பக்கம் எப்பிடித் திருப்புறது, கோட் எங்க கிடக்கு. பாஸ்வேர்டை அதில எழுதாதீங்க, வீட்டுக்காரரிட்டத் தனியாக் குடுங்க. ஸ்பெயார் போர்டு ஒண்டில அதே புரோகிராமை ஏத்தி ஒரு பையில போட்டுப் பெட்டிக்குள்ளயே வச்சிட்டுப் போங்க. புதுப் போர்டுட மாக் வேற எண்டதால ரவுட்டர்ல ரிசேர்வ் பண்ணின ஐபியை மாத்தணும், அதையும் அந்தத் தாளிலயே எழுதி விடுங்க.